ஏணி தாங்கும் எடை

1

இந்த வாரம் என்னை இரண்டு இடத்தில் அளந்தார்கள். சனிக்கிழமை அரசாங்க மருத்துவ நிலையத்தில் தராசில் ஏற்றினார்கள். திங்கட்கிழமை துபாயில் சத்வாப் பக்கம் ஒரு தையற்கடையில் இடுப்பைச் சுற்றி நாடா ஓட்டினார்கள். இரண்டிலும் நான் குறைந்திருந்தேன்.

முதலாவது விசாவுக்காக. நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவன். முதல் முறை, சிங்களத்தில் சித்தியடையாத எழுதுவினைஞன் என்று இலங்கை அரசாங்கம் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாம் முறை, சார்ஜாவில் ஓர் அமெரிக்க நிறுவனம் தன் யார்டையே, அதாவது இரும்பு வேலைத்தளத்தையே, மூடிக்கொண்டு என்னையும் அனுப்பியது. முறைப்படி இதற்குப் பிறகு நான் யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும். ஊர் இருக்கிற நிலை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அஜ்மானில் மகன் வீட்டில், மகனுடைய விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். மகன் தினமும் விடியமுன் காரை எடுத்துத் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். வாடகை அங்கே கட்டுப்படியாகாது.

பெற்றோருக்கு இங்கே ஒரு வருஷ விசாதான். வருஷா வருஷம் இரத்தம், மார்புப் படம், தராசு. ஒரு மனிதனை இந்த நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் எந்தத் தாள் எந்த மேசைக்கு முதலில் போகவேண்டும் என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறேன். இப்போது என் தாளை மகன் பிடித்திருக்கிறான், நான் பின்னால் நிற்கிறேன். "அப்பா, நீங்கள் பேசாமல் இருங்கோ, நான் கதைக்கிறன்" என்கிறான். அவன் நின்றது பிழையான வரிசை. பேசாமல் இருக்கச் சொன்னபடியால் பேசாமல் இருந்தேன்.

தராசடியில் நின்ற மலையாளத் தாதி, "பாபா, நாப்பத்தொம்பது. வீட்ல சோறு தர்றதில்லையா?" என்று கேட்டுவிட்டு, 'தகுதி' என்று முத்திரை குத்தினாள். எதற்குத் தகுதி என்று எழுத அந்தத் தாளில் இடம் விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "மாமா, இதோட வெளியில போகாதேங்கோ. நாங்கள் பட்டினி போடுறம் எண்டு சொல்லுவினம்" என்றாள் மருமகள். பேத்தி ஷாமினிக்கு ஒன்பது வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடம், ஆங்கிலக் கனவு. தமிழ் என்னோடு பேசுவதற்கு மட்டும், அதுவும் பாதி. "வெயிட் குறைஞ்சா குட் தானே அப்பப்பா? எங்கட ஸ்கூல் டீமில எல்லாருக்கும் ஹைட், வெயிட் எழுதி வச்சிருக்கு" என்றாள். அவர்கள் அங்கே அமெரிக்கர்களின் பந்தாட்டம் பழகுகிறார்கள்.

பேருக்குப் பக்கத்தில் உயரமும் எடையும். அதைக் கேட்டவுடன் எனக்குச் சோலைமலை நினைவுக்கு வந்தான். இரண்டு நாள் கழித்துச் சத்வாவில் அவனைப் பற்றிய செய்தியே வந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

2

எங்கள் நிறுவனம், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு இரும்புச் சட்டங்கள் ஒட்டிக் கொடுத்தது. நான் அங்கே ஆளணி அலுவலர். சோலைமலை சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். விசாவில் அவன் தொழில் ஸ்கஃபோல்டர், அதாவது வெல்டர்கள் ஏறி நின்று வேலை செய்ய இரும்புக் குழாய்களில் சாரக்கட்டு எழுப்புபவன். மற்றவர்கள் தோளில் இரண்டு குழாய் வைத்துக்கொண்டு வருவார்கள். அவன் நான்கு வைத்துக்கொண்டு, பீடியும் பிடித்துக்கொண்டு வருவான். அப்படியொரு உடம்பு.

வெள்ளிக்கிழமைகளில் யார்டுக்குப் பின்னால் அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆடினார்கள். கிரிக்கெட் தெரிந்த உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டை உருண்டையாக இருக்கும். எறிகிறவன் நிலத்தில் குத்தாமல் நேரே எறிவான். அடித்தவன் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடித் திரும்ப வந்தால் ஒரு ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டால் ஓடத் தேவையில்லை, நடந்தே சுற்றி வரலாம். இந்தக் கடைசி விதியை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

புல் கிடையாது. மணலில் கழிவெண்ணெய் ஊற்றி ரோலர் ஓட்டியிருந்தார்கள். மூலைகளுக்கு மணல் நிரப்பிய சீமெந்துப் பைகள். எங்களைப்போல இன்னும் சில அமெரிக்க நிறுவனங்கள் அந்தக் கரையில் இருந்தன. ஆளுக்கொரு அணி, வருஷத்துக்கு ஒரு கோப்பை. எங்கள் யார்ட் மேலாளர் கார்ல் என்பவன்தான் அணித் தலைவன். இளவயதில் தன் நாட்டில் இரண்டாந்தரக் கழகங்களில் காசுக்கு ஆடியவன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், இரண்டு முழங்காலிலும் அறுவைத் தழும்பு.

ஒரு வெள்ளிக்கிழமை பிலிப்பைன்ஸ் வெல்டர் ஒருவன் லீவில் போயிருந்ததால் ஓர் ஆள் குறைந்தது. மதிலோரம் குந்தியிருந்து வேடிக்கை பார்த்த சோலைமலையைக் கார்ல் விரலால் கூப்பிட்டான். "யல்லா, பெரியவனே, வா!" சோலைமலை இரண்டு முறை காற்றை அடித்தான். மூன்றாவது பந்து, தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்பின் மதிலைத் தாண்டி, துணி காயப்போடும் கொடிகளுக்குள் போய் விழுந்தது.

"ஏய் மலை! என் கைலி கிழிஞ்சிருந்தா நீதான்டா வாங்கித் தரணும்!" என்று கேம்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒனக்கு அது ஒண்ணுதானப்பு இருக்கு! வாங்கித் தர்றேன், பத்திரமா இரு!" என்றான் சோலைமலை, மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு.

கார்ல் சிரிக்கவில்லை. பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் என்னிடம் ஒரு தாள் வந்தது. சோலைமலை இனி அமெரிக்கர்களின் மெஸ்ஸில் சாப்பிடலாம், மேலாளர் உத்தரவு. இப்படியொரு உத்தரவுக்கு விதியில் இடமில்லை. ஆனால் மேலாளரின் விசேஷ அதிகாரம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கோப்பில் போட்டேன்.

மாடு வேண்டாம் என்றான், ஆகவே கோழி. அவர்கள் கோழியைத் துண்டாக வெட்டிப் பரிமாறத் தெரியாதவர்கள், முழுதாக வைத்தார்கள். முட்டை, பால், உருளைக்கிழங்கு. "எடை ஏற ஏறத் தூரம் கூடும்" என்பது கார்லின் கணக்கு. ஏறத்தான் செய்தது, இரண்டும். முதல் வருஷம் கோப்பை எங்களுக்கு வந்தது. இரண்டாம் வருஷமும் வந்தது. சோலைமலை நூற்றியாறு கிலோவுக்கு வந்தான்.

3

கார்லுக்கு வீட்டிலிருந்து விளையாட்டுப் பத்திரிகைகள் வரும். வாசித்து முடித்தவற்றை என் மேசையில் போடுவான். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்குப் பக்கத்திலும் உயரம், எடை, வயது. நமது பத்திரிகைகள் ஒரு கிரிக்கெட்காரனின் எடையை எப்போதாவது போட்டதுண்டா? இங்கே எடை முதலில், அடித்த ஓட்டம் பிறகு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது போல இருக்கிறதே என்று கேட்டேன்.

"அதேதான்" என்றான் கார்ல். "எங்களை வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பெரிய உடம்புக்காரன் பந்தைத் தூரத்துக்கு அடிப்பான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். முதலாளியும் எழுந்து நிற்பார். ஆனால் ஒப்பந்தம் எழுத உட்காரும்போது அதே முதலாளி அவனுடைய முழங்காலைப் பார்ப்பார். இந்தக் கனத்தை இந்தக் கால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? முப்பது வயது தாண்டினால் ஒரு வருஷம்தான் எழுதுவார்கள். சின்ன உடம்புக்காரன், குனிந்து பந்து பொறுக்குகிறவன், ஓடுகிறவன், அவனுக்கு ஐந்து வருஷம். அவனுக்குக் கைதட்ட ஒருவரும் எழும்ப மாட்டார்கள். ஆனால் அவன் இருப்பான்."

"உமக்கு எத்தனை வருஷம் தந்தார்கள்?"

"ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷம். கடைசியில் ஒரு மாதம்."

எனக்கு எதிரே இருந்த கண்ணாடி அலுமாரியில் என் உருவம் தெரிந்தது. அப்போது ஐம்பத்திநான்கு கிலோ. அந்த நிறுவனத்தில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. யார்டைப் பூட்டிய நாள்வரை இருந்தேன்.

கார்ல் அன்றைக்கே ஒரு முடிவெடுத்தான். தனக்குக் கிடைக்காததைச் சோலைமலைக்கு வாங்கிக் கொடுப்பது. எங்கள் தொழிலாளர்களுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம்தான். நிரந்தர ஊழியர் என்று தரம் உயர்த்தினால் ஐந்து வருஷம் எழுதலாம். வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். வழி இருந்தது. மேலாளரின் சிபாரிசு, தலைமையகத்தின் அனுமதி, லீவு முடிந்து வந்ததும் அவரவர் தொழிலுக்கான உடற்தகுதிப் பரிசோதனை. இந்த மூன்றாவதில்தான் முள் இருந்தது. பாதுகாப்புக் கையேட்டில், நூறு கிலோவுக்கு மேற்பட்டவர் ஏணியில் ஏறவோ பாதுகாப்பு இடுப்புப் பட்டியில் தொங்கவோ கூடாது என்று ஒரு விதி. சாரக்கட்டுக்காரன் ஏணியில் ஏறாமல் என்ன செய்வான்? அந்தக் கையேட்டை யார்டில் முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான்.

கார்லிடம் காட்டினேன். அவன் சிரித்தான். "எங்கள் ஆட்டத்திலும் இதேதான். அடிக்கும்போது கனமாக இரு, கையெழுத்துப் போடும்போது இலேசாக இரு. ஆறு கிலோ. லீவில் குறைத்துக்கொண்டு வரச்சொல்லும்."

4

சோலைமலையைக் கூப்பிட்டு எதிரே இருத்தினேன். கதிரை முனகியது. விஷயத்தைச் சொன்னேன்.

"சார், நெசமாவா? அஞ்சு வருசமா?"

"இன்னும் கையெழுத்தாகேல்லை. நீர் ஆறு கிலோ குறைச்சுக்கொண்டு வரவேணும். ஊரில நிண்டு ஒரு நேரம்தான் சாப்பிட வேணும். விளங்குதோ?"

"வெளங்குது சார்." கதிரையை முன்னுக்கு இழுத்தான். "சார், ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எஞ் சம்சாரம் அவுக அப்பா வீட்லதான் இருக்கு. கல்யாணமான மறு வருசமே கூட்டிட்டுப் போயிட்டாரு மாமனாரு. 'திங்கிறதுக்குன்னே ஒரு ஒடம்ப வளத்து வச்சிருக்கான், நெலையா ஒரு வேல இல்ல'ன்னு ஊரு முன்னால சொன்னாரு. துபாய் போறேன்னேன். அதுக்கும் என்ன சொன்னாருங்கிறீங்க? 'ரெண்டு வருசம், ரெண்டு வருசம்ங்கிறியே, அது வேலையா, வாடக வீடா?'ன்னுட்டாரு. நெலையான வேலைன்னு சொல்லு, பொண்ண அனுப்புறேன்னாரு."

"மனுசி என்ன சொல்லுறா?"

"அது என்னா சார் சொல்லும். போன லீவுக்குப் போனப்ப கம்மாக்கரையில வச்சுப் பாத்துச்சு. 'இன்னும் எத்தன வருசம்?'னுச்சு. அம்புட்டுத்தான்."

ஊரில் அவனைத் தலைகுனிய வைத்த அதே உடம்பைத்தான் இங்கே வெள்ளிக்கிழமைகளில் எழுந்து நின்று பார்க்கிறார்கள். அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இனி அதிலேயே ஆறு கிலோவை விட்டுவிட்டு வா என்று நான் சொல்கிறேன்.

"ஒரு நேரம்தான், தம்பி" என்றேன் மறுபடியும்.

"ஒரு நேரந்தான் சார். அந்த அம்மன் மேல சத்தியம்."

5

சோலைமலை லீவில் இருந்த நாட்களில் எண்ணெய் விலை விழுந்தது. எங்கேயோ விழுந்தது எங்கள் யார்டில் கேட்டது. வேலை ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கார்லுக்கும் தாள் வந்தது, ஒரு மாத அவகாசத்தோடு. "பார்த்தீரா, கடைசியில் ஒரு மாதம்" என்று அதை என்னிடம் நீட்டினான். அவனுடைய விசாவை ரத்துச் செய்யும் படிவங்களை நான்தான் நிரப்பினேன். அவனுடைய எடையை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

புதிதாக வந்த மேலாளர் பிரைஸ் இங்கிலாந்துக்காரர். மெலிந்த மனிதர், காலையில் கடற்கரையில் ஓடுகிறவர். ஓர் ஆளையும் அநியாயமாக அனுப்ப மாட்டார், நியாயமாகத்தான் அனுப்புவார். முதல் வேலையாகப் பாதுகாப்புக் கையேட்டைக் கேட்டு வாங்கினார்.

சோலைமலை வந்து இறங்கினான். என் அறைக் கதவில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தான். பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி இது? நான் என்ன சொல்லி அனுப்பினனான்?"

"சார், திட்டாதீங்க சார். நான் சொல்றதக் கேளுங்க." அழுகிற மாதிரியும் இருந்தான், சிரிக்கிற மாதிரியும் இருந்தான். "எறங்குன அன்னைக்கே மாமனாரு வந்துட்டாரு. மாட்டு வண்டி கட்டி. 'அமெரிக்காக் கம்பெனி அஞ்சு வருசம் எழுதிக் குடுத்திருக்காமே மாப்ள?'ங்கிறாரு. மாப்ளைங்கிறாரு சார்! அதுவரைக்கும் 'அவன்' தான். நான் ஒண்ணும் சொல்லல. லெட்டர்ல கொஞ்சம் முன்னாலயே எழுதிட்டேன்."

"கையெழுத்தாக முந்தியேவா?"

"ஆயிரும்ல சார்னு எழுதிட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, தலவாழ எல போட்டு, அவரே கையால பரிமாறுறாரு. கெடாக் கறி. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்ங்கிறாரு. எப்பிடி சார் கைய மறிக்கிறது? சண்டைக்கு அப்புறம் அந்த வீட்ல எனக்கு அதான் சார் மொதச் சோறு. வேணாம்னா, 'இன்னும் கோவம் தீரல போல'ன்னு நெனைப்பாருல்ல? சம்சாரம் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்கு."

"அது ஒரு நாள். மிச்ச நாள்?"

"அவரு கூப்புட்டுப் போட்டப்புறம் அவுக பங்காளி வீடு சும்மா இருக்குமா? ஒரு வீட்ல தின்னுட்டு இன்னொரு வீட்ல மாட்டேன்னா, அந்த வீட்ட ஒதுக்குன மாதிரி. சின்ன மாமனாரு, பெரிய மாமனாரு, சம்சாரத்தோட அத்த வீடு. துபாய்க்காரன் மெலிஞ்சு போனா ஊருக்கே அவமானம்னு சொல்லிச் சொல்லிப் போடுறாக. லீவு பூரா எல மேல எல சார்."

"மனுசி?"

அவன் முகம் விரிந்தது. "எங்க வீட்டுக்கு வந்துருச்சு சார். எங்க ஆத்தாகூட இருக்கு இப்ப."

நான் திட்டுவதை விட்டுவிட்டேன். அந்த இலையில் உட்கார்ந்து நான் என்றால் மட்டும் கையை மறித்திருப்பேனா? ஒப்பந்தத்துக்காக விருந்து வந்தது, விருந்தால் ஒப்பந்தம் போகப்போகிறது. இதை எந்த மேசைக்கு எழுதி அனுப்புவது?

கிளினிக் தராசில் அவன் எடைக்கு எண் இல்லை. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஆகவே ஸ்டோருக்கு அழைத்துப் போனோம், ஆணி போல்ட்டுகளை நிறுக்கும் மேடைத் தராசுக்கு. ஸ்டோர்காரர் பெஷாவர்ப் பக்கத்துக் கான். "அச்சா பாய், இதை எந்தச் சாமான் கணக்கில் எழுதுறது?" என்று கேட்டார். சோலைமலையும் சிரித்தான். நூற்றிப் பதினான்கு. பிரைஸ் பக்கத்திலேயே நின்று பார்த்தார், சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

6

அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன்.

ஸ்டோர் உதவியாளராகத் தொழிலை மாற்றலாம் என்று எழுதினேன். தொழில் மாற்றத்துக்குப் படிப்புச் சான்றிதழ் வேண்டும், அவன் ஐந்தாம் வகுப்பு. காவலாளியாக மாற்றலாம் என்று எழுதினேன். அந்தத் தொழிலுக்கு எங்கள் நிறுவனத்துக்குரிய விசாக்கள் முடிந்திருந்தன. கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுக்கும் சாதாரண உதவியாளாக, ஐந்து வருஷமும் வேண்டாம், பழையபடி இரண்டு வருஷத்துக்காவது வைத்திருக்கலாம் என்று எழுதினேன். புதிய உதவியாட்கள் கிடையாது என்று தலைமையகம் ஒரு வரியில் பதில் போட்டது. எடை குறைக்க மூன்று மாதத் தவணை கேட்டேன். கையேட்டில் தவணை என்ற சொல்லே இல்லை. எங்கள் கஃபீல், அதாவது நிறுவனத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளரான அரபி, நல்ல மனிதர். நேரே போய்ச் சொன்னேன். தேநீர் தந்தார், முழுதாகக் கேட்டார். "இப்போது வேலை மாஃபி, இல்லவே இல்லை, என்ன செய்ய?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

எங்கேயும் அநீதி நடக்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் சரியான ஆள் சரியான விதியைச் சொன்னார். அவர்கள் சொல்லும் முன்பே எனக்கு அந்த விதி தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே போய் நின்றேன்.

கடைசியில் பிரைஸே ஒரு வழி கண்டுபிடித்தார். விசா முடிவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோப்பைக்கான இறுதி ஆட்டமும் வரவிருந்தது. அதுவரை யார்டில் குப்பை அள்ளட்டும், ஏணிப் பக்கம் போகவேண்டாம் என்றார். அவர் பேஸ்பாலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஆனால் தன் காலத்தில் கோப்பை கைமாறுவதை விரும்பவில்லை.

"ஒரு மாசம்னு எழுதியிருக்கா சார்?" என்று கேட்டான் சோலைமலை.

"ஓம்."

"கார்லு சாருக்கும் அதானே?"

இறுதி ஆட்டத்துக்கு நானும் போனேன். சோலைமலைக்குப் பந்து வந்தது. முதல் அடியிலேயே மதில், கொடிக்கயிறுகள், அதற்கும் அப்பால் கேம்பின் தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் தாண்டிப் போனது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிரைஸும் எழுந்து நின்றார். சோலைமலை மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினான். ஓடத் தேவையில்லையே. ஒவ்வொரு சீமெந்துப் பையையும் மிதித்து, கோவில் வீதி சுற்றுகிறவனைப்போல நிதானமாகச் சுற்றி வந்தான். முடிந்தவரை மெதுவாக நடக்கிறான் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை அவனுடைய ரத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். விமான நிலையத்துக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தராசில் வைத்தார்கள். "இன்னும் ஏழு கிலோ கொண்டு போகலாமே?" என்றாள் பெட்டி பதியும் பெண்.

"எடை கம்மின்னு சொன்ன மொத ஆளு இந்தப் பொண்ணுதான் சார்" என்றான் சோலைமலை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மாமனாரு கேட்டா என்ன சார் சொல்றது?"

"கொம்பனி பூட்டியாச்சு எண்டு சொல்லும்."

"பொய்யா சார்?"

"இன்னும் கொஞ்ச நாளில உண்மையாகிவிடும்" என்றேன்.

7

உண்மையாகிவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் யார்டை மூடினார்கள். இரும்பு, கிரேன், தராசு, கதிரை என்று எல்லாவற்றையும் ஏலத்தில் விற்றார்கள். ஏலப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்ததுதான் நான் அங்கே செய்த கடைசி வேலை.

திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை. மகன் என்னைச் சத்வாவில் இறக்கிவிட்டான், காற்சட்டைகளை இடுப்பில் பிடித்துத் தைப்பதற்கு. ஷாமினியும் கூட வந்தாள். தையற்காரர் பேச்சைக் கேட்டவுடன் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். அந்தப் பக்கத்து ஆள் யாரைக் கண்டாலும் கேட்பது என் வழக்கம். சிவகங்கைக்குக் கிழக்கே என்றார். சோலைமலையின் ஊரைச் சொன்னேன்.

"நம்ம சோலைமலையவா கேக்குறீங்க? துபாயில பந்தடிச்சவன்?" என்று நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அவங் கதைய ஏன் கேக்குறீங்க சார். வந்த மறு வாரமே மாமனாரு வண்டிய கட்டிட்டு வந்துட்டாருல்ல. கம்பெனி மூடிருச்சுன்னான். இவனோட துபாய்க்குக் கெளம்புன வேற ஆளுக அந்தக் கம்பெனியில இன்னும் வேல பாக்குறது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. 'மூடல, ஒன்னயத்தான் தொரத்திட்டாக. எதுக்குன்னு சொல்லு'ன்னு நிக்கிறாரு. ஒடம்பு கனம்னு தொரத்திட்டாக, லீவுக்குப் போனப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொன்னான். மாமனாருகிட்ட அத எப்பிடிச் சொல்லுவான்? இவுக போட்ட சோறுல்ல அது? வாயத் தெறக்கல. திருடியிருப்பான்னு முடிவு பண்ணிட்டாரு. பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டாக."

"இப்ப என்ன செய்யிறான்?"

"செங்கக் காளவாசல்ல கல்லு தூக்குறான். சரியாச் சாப்புடுறது இல்ல. நீங்க பாத்தா அடையாளம் தெரியாது சார். ஆளு பாதியாயிட்டான்." என் காற்சட்டை இடுப்பைப் பிடித்து ஊசி குத்தினார். "ஒங்களுக்கும் நல்லாத்தான் கொறஞ்சிருக்கு. மூணு இஞ்சு புடிக்கணும்."

ஷாமினி என் கையை இழுத்தாள். "அப்பப்பா, ஹூ இஸ் சோலைமலை?"

ஒரு பேஸ்பால் ஆட்டக்காரன் என்றேன்.

"பிக் பிளேயரா?"

"ஓம், பிள்ளை."

வீட்டுக்கு வந்தபின் பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்கு எழுதுவது? பாதியாகிவிட்டான் என்றால் நிச்சயமாக நூறுக்குக் கீழேதான் இருப்பான். இப்போது அவனை அந்த ஏணி தாங்கும். ஏலப் பட்டியலில் அந்த ஏணிகளை மற்ற இரும்புகளோடு சேர்த்து எடைக்குத்தான் போட்டிருந்தேன்.